நோட்டீஸ் அய்யாவின் நாலாவது நோட்டீஸ்

எங்கள் நோட்டீஸ் அய்யா மாதிரி உத்தியோகத்தை விடுவதற்குப் பாடுபட்ட மனிதர் இந்தப் பூமியில் பிறந்ததும் இல்லை, இனிப் பிறக்கப்போவதும் இல்லை. அவர் பட்ட பாட்டில் கால்வாசியை ஒருத்தர் உத்தியோகம் தேடுவதற்குப் பட்டிருந்தால் கலெக்டரே ஆகியிருக்கலாம்.

அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் "என்னைக் கேட்டியாம்மா?" என்று போன் வரும். திண்டிவனத்தில் ஒரு நீதிமன்றத்தில் அவர் நீதிபதி. நான் அவருக்கு ஸ்டெனோ. அவர் சொல்வதைச் சுருக்கெழுத்தில் எழுதி, டைப் அடித்து, கையெழுத்துக்கு வைப்பது என் வேலை. ஊர் முழுக்க இருக்கிறவர்களுக்கு நோட்டீஸ் அனுப்புகிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, விருப்ப ஓய்வு வேண்டும் என்று தன் வேலைக்கே நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். அதனால் டைப் ரூமில் அவருக்கு நோட்டீஸ் அய்யா என்று பேராகிவிட்டது. வைத்தது நான்தான். அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

நீதிபதிகள் விருப்ப ஓய்வில் போவதற்கு விதி இருக்கிறது. போதுமான வருஷம் சர்வீஸ் முடித்திருக்க வேண்டும். தன்மேல் எந்த விசாரணையும் நிலுவையில் இருக்கக் கூடாது. மூன்று மாதம் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். கடிதம் விழுப்புரத்தில் மாவட்ட நீதிபதியிடம் போய், அங்கிருந்து சென்னை போகும். மூன்று மாதம் முடிந்தால் வீட்டுக்குக் கிளம்பலாம். அதற்குள் மனசு மாறினால், மேலிடம் சம்மதித்தால், வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். இந்தக் கடைசி வரியை எழுதின புண்ணியவான் எங்கள் அய்யாவைப் பார்க்காமல் எழுதிவிட்டார்.

நீதிபதி ஊரோடு ரொம்ப ஒட்டக் கூடாது என்று ஒரு மரபு உண்டு. மற்ற நீதிபதிகள் அதை அளவாகக் கடைப்பிடிப்பார்கள். நம்மவர் மருந்துக்குப் பத்தியம் இருப்பது போலக் கடைப்பிடித்தார். கல்யாணப் பத்திரிகை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். முடிவெட்டப் போனால் வாயே திறக்க மாட்டார். கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு வெட்டிவிடுவார், இவர் ஒரு மாதம் அந்தத் தலையோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். இளநீர் வண்டியைப் பார்த்தால், "இவரு நாளைக்கே ஒரு கேசு போடலாம்" என்று கார்க் கண்ணாடியை ஏற்றிவிடுவார்.

ஒரு புது வருஷத்தன்று வக்கீல் ஒருவர் வாட்ஸப்பில் ரோஜாப்பூப் படம் போட்டு அவருக்கு குட்மார்னிங் அனுப்பிவிட்டார். அய்யா என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்டெனோம்மா, இந்த வக்கீலு எந்தெந்த கேசுல ஆஜராவறாரோ, அதுல எதிர்த்தரப்பு வக்கீலுங்களுக்கெல்லாம் இதுல ஒரு நகல் குடுத்துடு."

"ரோஜாப்பூவையா அய்யா?"

"ஆமாம்மா. ஒரு தரப்பு மட்டும் எங்கிட்ட குட்மார்னிங் சொன்னா ஆவாது."

கொடுத்தேன். என்ன செய்ய? அதற்கப்புறம் அந்த போனையே பெட்டியில் போட்டுவிட்டு, பேச மட்டும் முடிகிற பட்டன் போனுக்கு மாறிவிட்டார்.

அவர் மனைவி மரகதம் அம்மா கோலியனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீடு விழுப்புரத்தில். கல்யாணமான புதிதில் அய்யாவோடு ஏதோ ஒரு ஊர் குவார்ட்டர்ஸில் இருந்து பார்த்திருக்கிறார். பக்கத்து வீட்டம்மா கோலம் நன்றாக இருக்கிறது என்று சொன்னதற்கு மரகதம் அம்மா சிரித்துவிட்டார். "அவங்க கொழுந்தன் மேல ஒரு வழக்கு இருக்கு, சிரிக்காத" என்று அய்யா சொல்லியிருக்கிறார். அம்மா மறுநாளே பெட்டியைக் கட்டிவிட்டார். அதற்கப்புறம் அய்யாவுக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர் என்று மாற்றல் வந்துகொண்டே இருந்தது. அம்மா விழுப்புரத்திலேயே. இவர் ஊர் ஊராக. கடைசியில் திண்டிவனத்துக்கு வந்து சேர்ந்தார். பஸ்ஸில் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் விழுப்புரம். ஆனாலும் தலைமையிடத்தை விட்டுப் போக அனுமதி வேண்டும் என்பது விதி. அனுமதிக் கடிதம் கைக்கு வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகூட நகர மாட்டார்.

ஆக, அவர்கள் குடித்தனம் நடந்ததெல்லாம் போனில். தினமும் கோர்ட் கலைந்ததும் சேம்பரில் உட்கார்ந்து கூப்பிடுவார். அதையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். நீதிபதி ரகசியமாகப் பேசினால் பார்க்கிறவர்கள் தப்பாக நினைப்பார்களாம். அதனால் அந்தத் தம்பதியின் சண்டை முழுவதையும் டைப் ரூமில் நானும், வாசலில் டபேதார் ஏழுமலையும் சம்பளத்தோடு கேட்டோம். டபேதார் என்றால் கோர்ட்டில் பேர் கூப்பிடுகிறவர். ஏழுமலைக்கு அந்தச் சண்டையில் எப்போதும் அம்மா கட்சிதான்.

முதல் நோட்டீசுக்குக் காரணம் மல்லாட்டை, அதாவது எங்கள் பக்கத்து வேர்க்கடலை. விழுப்புரத்தில் ஒரு மீட்டிங்குக்காக அய்யாவும் ஏழுமலையும் காரில் போகிறார்கள். கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில் அவித்த மல்லாட்டை வாசனை. என்ன தோன்றியதோ, மனிதர் காரை நிறுத்தச் சொல்லி இறங்கியே விட்டார். பொட்டலம் வாங்கி, உரித்து, வாய் நிறையப் போட்டுக்கொண்ட நேரத்தில் விற்கிற அம்மாள் அவரை உற்றுப் பார்த்திருக்கிறாள்.

"சாமி, நீங்க நம்ம கோர்ட்டு அய்யாதான? எங்க ஊட்டு கெணத்து கேசு உங்ககிட்டதான் கீது. துண்ணுங்க சாமி, காசெல்லாம் வாணாம்."

"அய்யா மொகத்த பாக்கணுமே ஸ்டெனோம்மா," என்றார் ஏழுமலை. "முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

காசை அந்த அம்மாள் கையில் திணித்துவிட்டு ஓடிவந்திருக்கிறார். மறுநாள் மாவட்ட நீதிபதிக்கு ஒரு கடிதம் சொன்னார். நான் எழுதினேன்: 'மேற்படி வழக்கின் வாதியிடம் அவித்த மல்லாட்டை வாங்கி, விவரம் அறியும் முன்பாக ஒரு கைப்பிடி உட்கொண்டுவிட்டபடியால், இவ்வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றிடப் பணிவுடன் கோருகிறேன்.'

"ஒரு கைப்பிடிதானா அய்யா? பொட்டலம் காலின்னு ஏழுமலை சொன்னாரே?"

"மீதிய அவன் துன்னாம்மா. அவனுக்குத் தீர்ப்பு எழுதற அதிகாரம் இல்ல, பரவால்ல."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார். "ஒரு மல்லாட்டய நிம்மதியா துன்ன முடியல. இது ஒரு பொழப்பாம்மா? விருப்ப ஓய்வுக்கு ஒரு நோட்டீஸ் டைப் பண்ணு."

பண்ணினேன். அன்று சாயங்காலமே ஸ்பீக்கரில் மரகதம் அம்மாவின் குரல் கட்டடத்தை உலுக்கியது. "என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா? நீங்கபாட்டுக்கு வேலைய வுட்டுட்டு வந்து நின்னா நான் இன்னா பண்றது? இத்தினி வருசமா நான் ஒரு மாதிரி வாழ்ந்துகினு இருக்கேன். எனக்கும் ஒரு மனசு இருக்குது இல்ல?"

மறுநாள் காலையில் அய்யா வெளிறிய முகத்தோடு வந்தார். "தப்பு பண்ணிட்டேன் ஸ்டெனோம்மா. பாதிக்கப்படற தரப்ப கேக்காமலே உத்தரவு போட்டுட்டேன். எக்ஸ்பார்ட்டி. செல்லாது. வாபஸ் டைப் பண்ணு."

அதாவது, கோர்ட்டில் எதிர்த்தரப்பு இல்லாமலே ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு முடிவு பண்ணினால் அது எக்ஸ்பார்ட்டி. தன் சொந்த ஓய்வைத் தானே வழக்காக்கி, தானே விசாரித்து, தானே தள்ளுபடி செய்த நீதிபதியை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

இரண்டாவது தடவை அம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். அம்மா "யோசிக்கறேன்" என்றார். அதையே பாதி வெற்றியாக எடுத்துக்கொண்டு அய்யா நாளை எண்ணிக்கொண்டிருந்தார். வக்கீல்கள் வழியனுப்பு விழாவுக்கு மண்டபம் பேசி, பிரியாணி சொல்லி, பேனரும் அடித்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து வல்லம் பக்கத்து அண்ணன் தம்பி பாகப் பிரிவினை வழக்கில் வாதம் பாதியில் நின்றது. அண்ணன்காரர் கூண்டுப் பக்கம் வந்து கும்பிட்டார். "அய்யா, நீங்க பூட்டா புது அய்யா வருவாரு. திரும்ப மொதல்லேர்ந்து வாதம் பண்ணணும்ங்கறாங்க. என் ஒடம்பு தாங்காதுங்க."

அவ்வளவுதான். வாபஸ். தீர்ப்பை எழுதி முடித்துவிட்டுத்தான் மூச்சு விட்டார். பிரியாணியை வாபஸ் வாங்க முடியுமா? வக்கீல்கள் பேனரில் 'பிரிவு உபசார விழா' என்ற இடத்தில் ஒரு தாளை ஒட்டி 'பிரியாத விழா' என்று எழுதி விழாவை நடத்தியே விட்டார்கள். போகாத மனிதருக்காக ஒரு மூத்த வக்கீல் அழுதுகூடப் பேசினார். பேச்சை முன்னாடியே தயார் பண்ணிவிட்டாராம், மாற்ற நேரமில்லையாம். அய்யா மேடையில் ஒரு எலுமிச்சம்பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். பிரியாணியைத் தொடவில்லை. அது யார் செலவு என்று தெளிவாகவில்லையாம்.

மூன்றாவது நோட்டீஸின்போது அம்மாவே ஒரு யோசனை சொன்னார். லீவு போட்டுவிட்டு ஒரு வாரம் வந்து இருந்து பாருங்கள், ஒத்துவருகிறதா பார்க்கலாம். அய்யா முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு புதுச்சட்டை போட்டுப் போனார். மூன்றாம் நாள் எனக்கு போன். அம்மாதான்.

"செல்வி, உங்க அய்யாவ கூட்டிக்கினு போயிடும்மா. புண்ணியமா பூடும்."

"என்னங்கம்மா ஆச்சு?"

"பால்காரருகிட்ட, இது பாலுதான்னு சத்தியமா சொல்றியான்னு கேட்டாரு. அந்தாளு பயந்து போயி, கொஞ்சம் தண்ணி ஊத்தனன்னு ஒத்துக்கினான். நேத்திலேர்ந்து தெருவுல பாலே இல்ல. வேலைக்கு வர்ற பொண்ணு லேட்டா வந்தா, தாமதத்துக்குக் காரணம் சொல்லு, மன்னிக்கலாமா வேணாமான்னு பாக்கறேங்கறாரு. அவ, பெரிய பேஜாரும்மா இதுன்னு சொல்லிட்டு நின்னுட்டா. ஒரு சட்னி அரைச்சா, இதுக்கு முன்னாடி எந்த மாதிரி அரைச்சன்னு கேக்கறாரும்மா!"

வாபஸ். இந்தத் தடவை சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மரியாதையான கடிதம்தான். இதுவரை கேட்டதற்கெல்லாம் இணங்கினோம். இனி ஒரு நோட்டீஸ் கொடுத்தால் அதைத் திரும்பப் பெறும் கோரிக்கை ஏற்கப்படுவது அரிது. வாசித்துக் காட்டினேன். அய்யா தலையை ஆட்டினார். "நியாயமான உத்தரவு," என்றார். கொஞ்ச காலத்துக்கு நோட்டீஸ் பேச்சே இல்லை. ஏழுமலை பொழுது போகாமல் தவித்துவிட்டார்.

அப்புறம் ஒருநாள், எந்த மல்லாட்டையும் இல்லாமல், எந்தக் கோபமும் இல்லாமல் என்னைக் கூப்பிட்டார்.

"டைப் பண்ணும்மா."

"அய்யா, இந்தத் தடவ வாபஸ் கெடையாதுங்க."

"தெரியும்."

"காரணம்னு என்னா போடறது?"

"எப்பவும் போல, சொந்தக் காரணம்னு போடு." பேனா மூடியைத் திருகி மூடினார். "சாயங்காலம் குவார்ட்டர்ஸுக்குப் போயி கதவத் தொறந்தா, காத்தால நான் குடிச்சிட்டு வெச்ச டம்ளரு வெச்ச எடத்துலயே இருக்குதும்மா. அவ்ளோதான் காரணம்."

எனக்குச் சுருக்கெழுத்து ஓடவில்லை. பேனாவை உதறுவது போல உதறினேன்.

அன்று சாயங்காலம் ஸ்பீக்கரில் கேட்டார். "மரகதம், நான் மறுபடி நோட்டீஸ் குடுத்துட்டேன். உனக்கு ஆட்சேபணை இருந்தா சொல்லிடு."

"சரிங்க," என்றார் அம்மா.

நானும் ஏழுமலையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அய்யா போனைக் கையில் எடுத்துப் பார்த்தார், சரியான நம்பர்தானா என்று.

அது ஒரு நாளோடு நிற்கவில்லை. மூன்று மாதமும் அம்மா எல்லாவற்றுக்கும் 'சரிங்க'தான். சமையல்காரர் வரவில்லை என்றால் சரிங்க. மழை என்றால் சரிங்க. பால்காரரைத் திரும்ப விசாரிக்கப் போகிறேன் என்றாலும் சரிங்க. அய்யாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் சோதித்தே பார்த்துவிட்டார்.

"மரகதம், நான் ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

"சரிங்க. நல்லபடியா பண்ணுங்க. ஒடம்ப பாத்துக்குங்க."

ஏழுமலை வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். நானும் சிரித்தேன். அய்யா மட்டும் சிரிக்கவில்லை. போனை மேஜைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணம் பண்ண நாள்லேர்ந்து எதிர்த்தரப்பு ஒரு வார்த்தைக்குக்கூட ஒத்துக்கல. இப்ப எல்லாத்துக்கும் ஒத்துக்குது. கோர்ட்டுல ஒரு கட்சிக்காரர் இப்படிப் பண்ணா நாம என்னா நெனப்போம்?"

"யாரோ மெரட்டியிருக்காங்கன்னு நெனப்போம் அய்யா."

"இல்லன்னா, வெறுத்துப் போயிட்டாங்கன்னு நெனப்போம்." போனைத் தள்ளி வைத்தார். "எங்கூட சண்ட போடறதே வீண்னு வுட்டுட்டா ஸ்டெனோம்மா. இத்தினி வருசம் தனியா வுட்டதுக்கு இதுதான் தீர்ப்பு. அவ மனசில்லாம அந்த வூட்டுக்குள்ள நான் காலு வெக்க மாட்டேன். வாபஸ் டைப் பண்ணு. சென்னையில கால்ல விழுந்தாவது கேட்டுப் பாக்கறேன்."

கெடு முடிய ஒரு வாரம்தான் இருந்தது. சென்னை மறுத்தால் வேலையும் இல்லை; அம்மா வெறுத்துப்போயிருந்தால் வீடும் இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு வருத்தம் வந்தால் அது கோபமாகத்தான் வரும். வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

"ஏங்கய்யா, கோர்ட்டுல ரெண்டு பேரு சமாதானமா போறோம்னு எழுதிக் குடுத்தாக்கூட நீங்க நம்ப மாட்டீங்க. நேர்ல கூண்டுல நிக்கவெச்சு, யாராச்சும் மெரட்டினாங்களா, சொந்த புத்தியோடதான் சொல்றீங்களான்னு கேட்டாத்தான் பதிவு பண்ணுவீங்க. உங்க ஊட்டம்மாவ மட்டும் போன்லயே கேட்டுட்டு முடிவு பண்ணுவீங்களா?"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. அய்யா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"சரிதான். நேர்ல பதிவு பண்ணணும். நீயும் வா. நான் ஒருத்தனே கேட்டா, நான்தான் மெரட்டினேன்னு ஆயிடும்."

மாவட்ட நீதிபதிக்கே போன் போட்டு அனுமதி கேட்டார். "மொதல்ல கெளம்புங்க சார்," என்று அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் போய் இறங்கியபோது வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. மணியை அடித்தோம். வரவில்லை. உள்ளே போய்ப் பின்கட்டுக்கு வந்தோம். மரகதம் அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மரகதம்," என்றார் அய்யா.

அம்மா திரும்பவில்லை.

"பாத்தியா?" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "மூஞ்சக்கூட பாக்க மாட்டேங்கறா." பிறகு குரலை உயர்த்தினார். "மரகதம்! நான்தான் வந்திருக்கேன்!"

பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எதிர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். அம்மா ஒரு காம்பை உருவி முறத்தில் போட்டுவிட்டு அடுத்த காம்பை எடுத்தார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அய்யாவுக்கும் அதே நேரத்தில்தான் புரிந்திருக்க வேண்டும். கையிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது. அந்தச் சத்தமும் அம்மாவுக்குக் கேட்கவில்லை.

முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து திரும்பியவர் எங்களைப் பார்த்துத் தூக்கிவாரிப் போட்டு நின்றார். "அய்ய, எப்ப வந்தீங்க? பர்மிசன் கெடச்சுதா?"

"எத்தினி நாளா?" என்றார் அய்யா.

அம்மா அவர் கண்ணைப் பார்க்கவில்லை. உதட்டையே பார்த்தார். முறத்தைக் கீழே வைத்தார்.

"கொஞ்ச காலமாவே மந்தமாத்தான் இருந்துது. இந்த வருசம் சுத்தமா போச்சு. டாக்டருகிட்ட காட்டனேன். மிஷினு குடுத்தாரு. அத வெச்சா எரைச்சல்தான் வருது, பேச்சு புரியல. மூஞ்சிய பாத்தா கொஞ்சம் புரிஞ்சிக்கறேன். போன்ல மூஞ்சி தெரியாதே. தெனமும் நீங்க கூப்பிடற நேரத்துக்கு போன கையில வெச்சிக்கினு இருப்பேன்; மிஷினுல எரைச்சல் நின்னா, நீங்க பேசி நிறுத்திட்டீங்கன்னு மட்டும் தெரியும். சரிங்கன்னுடுவேன்."

"பள்ளிக்கூடம்?"

"ஒரு பொண்ணு, வயித்த வலிக்குது டீச்சர்னு சொல்லிக்கினே இருந்திருக்குது. நான் அது பாடம் ஒப்பிக்குதுன்னு நெனச்சிக்கினு, கெட்டிக்காரின்னு தட்டிக்குடுத்துட்டு போயிட்டேன். அப்புறம் அது அழுவறத பாத்துத்தான் தெரிஞ்சுது. அன்னிக்கே விருப்ப ஓய்வுக்கு எழுதிக் குடுத்துட்டேன். போன மாசத்தோட முடிஞ்சிடுச்சு."

"என்ன ஒரு வார்த்த கேக்கலியே மரகதம்?"

"எக்ஸ்பார்ட்டி," என்றார் அம்மா.

"வாபஸ் வாங்கணும்னு தோணலியா?"

"டீச்சருங்க ஒரு தடவ சொன்னா சொன்னதுதான்."

நான் அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். அய்யாவுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். பதற்றத்தில் வேகமாகக் கேட்டதால் அம்மாவுக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று தெரிந்ததும் அவர் கிட்டே போய், முகத்துக்கு நேராக நின்று, மெதுவாகக் கேட்டார். "ஏன். சொல்லல?"

"சொன்னா ஓடியாந்துடுவீங்க. அய்யோ பாவம்னு வரக்கூடாது நீங்க. அதுக்கு நீங்க வராமலே இருக்கலாம்."

அய்யா தன்னை ஒரு நிலைக்குக் கொண்டுவந்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். கூண்டில் நிற்கிற கட்சிக்காரர்களைக் கேட்கிற அதே கேள்வியை, அதே தோரணையில், ஒவ்வொரு வார்த்தையாக உதடு தெரியக் கேட்டார். "நான் வேலையை விட்டுட்டு இந்த வீட்டுக்கு வர்றதுக்கு நீங்க சம்மதிக்கிறீங்களா? யாராவது மிரட்டினாங்களா? ஆசை காட்டினாங்களா? முழு மனசோடதான் சொல்றீங்களா?"

அம்மா முழுவதையும் பார்த்து முடித்தார். கையில் ஒட்டியிருந்த கீரையை உதறினார்.

"என்னய கேட்டதெல்லாம் இருக்கட்டும். உங்கள யாரு கேட்டா? வாதியா பிரதிவாதியான்னு ஊருல இருக்கறவங்களையெல்லாம் கேட்டீங்க. எனக்கு ஆட்சேபணை இருக்கான்னு கேட்டீங்க. உங்களுக்கு இன்னா வேணும்னு ஒருநாளாச்சும் வாயத் தொறந்து சொன்னீங்களா? அதான் நானும் மாட்டேன் மாட்டேன்னுகினு இருந்தேன். இப்ப நான் கேக்கறேன். உங்களுக்கு இன்னா வேணும்?"

எத்தனையோ தீர்ப்பு சொன்ன மனிதர், ஒரு குழந்தை மாதிரி நின்றார். அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை.

"எனக்கு வூட்டுக்கு வரணும் மரகதம்."

"அப்ப வாங்க," என்றார் அம்மா. "இதுக்கு எதுக்கு ஸ்டெனோ?"

அந்த வாரக் கடைசியில் நோட்டீஸ் அய்யா ஓய்வுபெற்றார். விழாவுக்குப் பாதிப் பேர் வரவில்லை. நம்பினால்தானே வருவார்கள்? பத்து நாள் கழித்துக்கூட ஒரு வக்கீல் என்னிடம் வந்து, "அய்யா வாபஸ் வாங்கியாச்சா?" என்று கேட்டார். ஏழுமலை சாயங்காலமானால் சேம்பர் வாசலில் வந்து சும்மா நின்றுவிட்டுப் போவார். புதிதாக வந்த நீதிபதி நல்லவர், சுறுசுறுப்பு, போனில் அளவாகப் பேசுவார். எனக்குத்தான் டைப் ரூம் கடித்துத் தின்கிற மாதிரி இருந்தது.

போன மாதம் விழுப்புரம் போய் அவர்களைப் பார்த்துவிட்டு வந்தேன். சண்டைக்குக் குறைவில்லை. அம்மா சமையல்கட்டிலிருந்து கத்துகிறார். அய்யா கூடத்திலிருந்து பதில் சொன்னால் கேட்காது என்பதால் எழுந்து போய் எதிரே நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்து உட்காருகிறார். உட்கார்ந்த உடனே இன்னொரு கேள்வி வருகிறது. மறுபடி எழுந்து போகிறார். நான் இருந்த நேரம் முழுக்க அந்த மனிதர் எழுந்து போய்க்கொண்டே இருந்தார். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. இளைத்துப்போய், பத்து வயசு குறைந்த மாதிரி இருந்தார். கிளம்பும்போது, "ஊருக்குப் போயி சேந்ததும் ஒரு போன் பண்ணும்மா. அவ கவலப்படுவா," என்றார்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கூப்பிட்டேன். அய்யாதான் எடுத்தார். "சேந்துட்டியா? இரு, சொல்லிட்டு வந்துடறேன்." போனை வைத்துவிட்டு அவர் நடந்து போகிற சத்தம் கேட்டது. அப்புறம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார், "ஸ்டெனோம்மா. ஊருக்கு. போயி. சேந்துட்டா." அம்மா ஏதோ கேட்டார். நடை திரும்பி வந்தது.

"சாப்பிட்டியான்னு கேக்கறா."

"இனிமேதான் அய்யா."

"இரு, சொல்லிட்டு வரேன்."

மறுபடி அந்த நடை. பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவர் திரும்பி வருகிறவரைக்கும் அங்கேயே நின்றேன். எனக்கு வைக்க மனசே வரவில்லை.